வடகொரியாவைப் பற்றிக் காணொளி செய்யும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,



வடகொரியாவைப் பற்றித் தமிழில் இன்று அதிகம் பேசுகிறவர்கள் நீங்கள்தான். ஏவுகணைச் சோதனை நடந்தால் நாளிதழ்களில் நாலு வரி வரும். புத்தகக் கடையில் தேடினால் அந்த நாட்டைப் பற்றி விரல்விட்டு எண்ணக்கூடிய நூல்களே கிடைக்கும். உங்கள் காணொளிகளோ நாள் தவறாமல் வருகின்றன. பள்ளிப் பிள்ளைகளிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்வரை அந்த நாட்டை உங்கள் குரல் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அது சிறிய பொறுப்பு இல்லை. அந்தப் பொறுப்பை நினைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கிம் ஜோங்-உன் தன் மாமாவை 120 நாய்களுக்கு இரையாக்கினார் என்ற கதையைச் சொல்லாத சேனல் அநேகமாக இல்லை. அவருடைய அத்தை கணவர் சாங் சொங்-தேக் 2013 டிசம்பரில் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, மின்னல் வேகத்தில் விசாரிக்கப்பட்டு, கொல்லப்பட்டார். அது உண்மை, கொடுமையான உண்மை. நாய்க்கதை வந்தது சீனச் சமூக வலைத்தளம் ஒன்றில் எழுதப்பட்ட நையாண்டிப் பதிவிலிருந்து. அதை ஹாங்காங் நாளிதழ் ஒன்று செய்தியாக்க, உலகமே எடுத்துப் போட்டது. அதே ஆண்டு, ஹியோன் சொங்-வொல் என்ற பாடகி சுட்டுக் கொல்லப்பட்டதாகத் தென்கொரியப் பத்திரிகை எழுதியது. 2014-இல் அவர் வடகொரியத் தொலைக்காட்சியில் தோன்றினார். 2018 ஜனவரியில், குளிர்கால ஒலிம்பிக்குக்கான கலைக்குழு ஏற்பாடுகளைப் பார்வையிட சியோலுக்கே தூதுக்குழுத் தலைவராக வந்து இறங்கினார்.

தவறான தகவலைத் திருத்திவிடலாம். அந்தக் கதைகள் விட்டுச்செல்லும் எண்ணத்தைத் திருத்துவதுதான் கடினம். அங்கே ஒரு பைத்தியக்காரன் ஆள்கிறான், இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் அறிவில்லாமல் கைதட்டுகிறார்கள் என்று பார்ப்பவர் முடிவு கட்டிவிடுகிறார். பைத்தியக்காரத்தனத்தால் எந்த ஆட்சியும் மூன்று தலைமுறை நிலைக்காது. அந்த ஆட்சிக்குப் பின்னால் ஒரு சித்தாந்தம் இருக்கிறது, அதற்கென்று ஒரு சொல்லகராதி இருக்கிறது. அந்தச் சொற்கள் ஒரு காலத்தில் நியாயமான கோரிக்கையிலிருந்து பிறந்தவை. அவை எப்படிப் படிப்படியாக ஒரு மக்களின் வாயைக் கட்டின என்பதுதான் நீங்கள் சொல்ல வேண்டிய கதை. அதன் முதற்சொல் ‘ஜூச்சே’.

1955 டிசம்பர் 28. பியோங்யாங்கில் கட்சியின் பிரசார ஊழியர்கள் முன்னால் நாட்டின் முதல் தலைவர் கிம் இல்-சுங் பேசுகிறார். கொரியப் போர் நின்று இரண்டரை ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கொரியாவில், பெரும்பாலும் வடபகுதிமீது, அமெரிக்க விமானங்கள் கொட்டிய குண்டுகளின் எடை ஆறு லட்சம் டன்னைத் தாண்டும் என்பது கணக்கு. அதற்கும் முன்னால் 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சி. அதன் கடைசி ஆண்டுகளில் பள்ளிகளில் கொரிய மொழிக்கு இடமில்லாமல் போனது, மக்கள் தங்கள் பெயரைக்கூட ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டார்கள். ஜப்பான் போனபின் சோவியத் படை வந்தது. போரில் சீனப் படை வந்தது. சிறிய நாடு, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெரிய அண்ணன்.

அன்றைய உரையில் அவர் அடுக்கும் எடுத்துக்காட்டுகள் மிகச் சாதாரணமானவை. ராணுவ ஓய்வில்லம் ஒன்றின் சுவரில் சைபீரியப் புல்வெளியின் படம் மாட்டியிருந்ததாம். ரஷ்யர்களுக்கு அது பிடிக்கலாம், கொரியருக்குத் தங்கள் மலைகளும் ஆறுகளும் அல்லவா பிடிக்கும் என்று கேட்கிறார். ஒரு தொடக்கப் பள்ளியில் புஷ்கின், மாயகோவ்ஸ்கி படங்கள் இருந்தன, ஒரு கொரியரின் படமும் இல்லை. ரஷ்ய வழக்கத்தைப் பார்த்து, புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கடைசிப் பக்கத்தில் அச்சிடுகிறார்கள். ராணுவத்தில் அரசியல் வேலையைச் சோவியத் முறைப்படி செய்வதா, சீன முறைப்படி செய்வதா என்று சண்டை. சோறு வாய்க்குள் போனால் சரி, கரண்டியால் தின்றால் என்ன, குச்சியால் தின்றால் என்ன என்ற பொருளில் அவர் கேட்கிறார். நாம் செய்வது கொரியப் புரட்சி, ஆகவே கொரிய வரலாற்றைப் படியுங்கள், கொரிய நிலைமையிலிருந்து யோசியுங்கள் என்பதுதான் உரையின் சாரம்.

ஜூச்சே என்பதற்குத் தமிழ் ஊடகங்கள் ‘தற்சார்பு’ என்று எழுதுகின்றன. அந்தச் சொல் அதைவிட ஆழமானது. செயலுக்குரியவன், செய்யப்படும் பொருளாக இல்லாமல் செய்கிறவனாக இருப்பவன் என்ற பொருள் அதில் இருக்கிறது. பல பத்தாண்டுகளாகப் பிறர் கையில் பொருளாக இருந்த ஒரு மக்களிடம் இந்தச் சொல் எப்படிப் போய்த் தைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காலனி ஆட்சியிலிருந்து வெளிவந்த எந்த நாட்டவருக்கும் அது புரியும்.

ஆனால் அதே உரைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அந்த உரை பெயர் சொல்லிச் சாடியவர்களில் பாக் சாங்-ஓக் போன்றவர்கள் சோவியத் மண்ணில் வளர்ந்து திரும்பிய கொரியக் கம்யூனிஸ்டுகள், கட்சிக்குள் கிம்முக்குப் போட்டியாக நின்றவர்கள். சீனாவின் யெனானிலிருந்து வந்தவர்கள் இன்னொரு பிரிவு. 1956 ஆகஸ்டில் மத்தியக் குழுக் கூட்டத்தில் இவ்விரு பிரிவினரும் கிம்மின் தனிநபர் வழிபாட்டை விமர்சித்தார்கள். உடனே வெளியேற்றப்பட்டார்கள். மாஸ்கோவிலிருந்து சோவியத் தலைவர்களில் ஒருவரான மிகோயானும் பெய்ஜிங்கிலிருந்து சீனத் தளபதி பெங் தெகுவாயும் பறந்து வந்து தலையிட்டதில் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார்கள், பிறகு ஒவ்வொருவராக ஒழிக்கப்பட்டார்கள். கிம் இல்-சுங்கே சோவியத் ராணுவ அதிகாரியாக இருந்தவர். 1945 செப்டம்பரில் வொன்சான் துறைமுகத்தில் சோவியத் கப்பலில் வந்து இறங்கியவர். அந்நியரைப் பின்பற்றுகிறவர்கள் என்ற பழி மற்றவர்கள்மேல் விழுந்தது. தன் காலில் நிற்கும் உரிமையைக் கேட்ட சொல், அப்போதே கட்சிக்குள் எதிர்த்துப் பேசியவர்களை வீழ்த்தவும் பயன்பட்டது.

1965 ஏப்ரலில் ஜகார்த்தாவில் பேசும்போது கிம் அதை ஒரு முழுக் கோட்பாடாக அடுக்கினார்: சிந்தனையில் ஜூச்சே, அரசியலில் சாஜு என்ற சுதந்திரம், பொருளாதாரத்தில் சாரிப் என்ற சொந்தக்கால், பாதுகாப்பில் சாவி என்ற தற்காப்பு. புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் காதுகொடுத்துக் கேட்டன. கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் 1964-இல் நேரில் போய்ப் பார்த்துவிட்டு அதைக் கொரிய அற்புதம் என்றே எழுதினார். இடிபாடுகளிலிருந்து தொழிற்சாலைகள் எழுந்தது பொய்யில்லை. அந்நாளில் வடக்கு தெற்கைவிடத் தொழில்வளம் மிக்கது. இதைச் சொல்லாமல் விட்டால், அந்த மக்கள் ஏன் நம்பினார்கள் என்பது யாருக்கும் புரியாது.

அந்த நம்பிக்கையைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் வினலோன் என்ற துணியைப் பாருங்கள். ரி சுங்-கி என்ற கொரிய வேதியியலாளர் 1939-இல் ஜப்பானின் கியோட்டோவில் கண்டுபிடித்த செயற்கை இழை அது. போர்க்காலத்தில் அவர் வடக்கே போனார். பருத்தி விளைய இடமில்லாத, பெட்ரோலியம் இல்லாத நாட்டில் ஏராளமாகக் கிடைப்பது அனல்மிகு நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும். இரண்டையும் மின் உலையில் உருக்கிக் கார்பைடு எடுத்து, அதிலிருந்து இழை நூற்றார்கள். 1961-இல் ஹாம்ஹுங்கில் பெரிய ஆலை திறந்தது. கல்லிலிருந்து துணி நெய்த நாடு என்ற பெருமை. அதற்கு ‘ஜூச்சே இழை’ என்றே பெயரிட்டார்கள். துணி முரடானது, சாயம் சரியாக ஏறாது, ஆனால் உழைக்கும். உலை மின்சாரத்தைக் குடித்தது. அந்த ஹாம்ஹுங் நகரத்தையே போருக்குப் பின் மீண்டும் கட்டியெழுப்ப உதவியவர்கள் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும். சோவியத், சீன உதவியும் ஆண்டாண்டாக வந்தது. உதவி பெற்றதில் அவமானம் இல்லை. அதை மக்களிடமிருந்து மறைத்து, எல்லாம் தலைவரின் மேதைமையால் வந்தது என்று சொன்னதுதான் கேடு. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத உதவி நின்றுபோனால், ஏன் நின்றது என்றும் மக்களுக்குத் தெரியாது.

சொற்கள் திரிந்த கட்டத்துக்கு இப்போது வருகிறேன். உங்கள் காணொளியில் நேரம் ஒதுக்கிச் சொல்ல வேண்டிய பகுதி இதுதான்.

1967-இல் கட்சிக்குள் இன்னொரு களையெடுப்பு நடந்தது. அதன்பின் ‘சுர்யோங்’ என்ற சொல், மாபெரும் தலைவர் என்ற பொருளில், கிம் இல்-சுங் ஒருவருக்கே உரியதாயிற்று. 1974-இல் அவருடைய மகன் கிம் ஜோங்-இல் ‘ஒருமைச் சிந்தனை அமைப்புக்கான பத்துக் கோட்பாடுகளை’ அறிவித்தார். அரசமைப்புச் சட்டத்தைவிட அதற்குத்தான் அன்றாட வாழ்வில் எடை. ஒவ்வொருவரும் அதை மனப்பாடம் செய்ய வேண்டும். வாரந்தோறும் நடக்கும் ‘செங்வால் ச்சொங்வா’ கூட்டத்தில் எழுந்து நின்று, தலைவரின் போதனையை எடுத்துச் சொல்லி, அதன்படி தான் செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, பிறகு பக்கத்தில் இருப்பவரின் குற்றத்தையும் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகளிலிருந்து கட்சி அதிகாரிகள்வரை இதற்கு விலக்கு இல்லை.

மனிதனே எல்லாவற்றுக்கும் எசமான், தன் விதியைத் தானே தீர்மானிப்பவன் என்பது ஜூச்சேயின் தத்துவ அடிப்படை. அதை வடித்துக் கொடுத்தவர் ஹ்வாங் ஜாங்-யோப், கிம் இல்-சுங் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். 1980-களில் கிம் ஜோங்-இல் இதன்மேல் ஒரு அடுக்கைக் கட்டினார். தலைவர், கட்சி, மக்கள் மூவரும் சேர்ந்து ஒரே உயிருடல், அதன் மூளை தலைவர். பெற்றோர் தந்த உடலுயிர் அழியும், தலைவர் தரும் அரசியல் உயிரோ அழியாது. இப்படிச் சொன்னபின் மனிதன் எசமானாக இருப்பதற்கு ஒரே வழிதான் மிஞ்சுகிறது: மூளை சொல்வதைக் கேட்கும் கையாக இருப்பது. மக்கள் தாங்களே சிந்திக்க வேண்டும் என்று தொடங்கிய கோட்பாடு, ஒருவரைத் தவிர யாரும் சிந்திக்க வேண்டியதில்லை என்ற இடத்தில் வந்து முடிந்தது. 1982-இல் எழுப்பிய 170 மீட்டர் ஜூச்சே கோபுரத்தில் 25,550 கற்கள். கிம் இல்-சுங்கின் எழுபது ஆண்டு வாழ்வின் நாள்களுக்குக் கணக்கு அது. 1997 முதல் ஆண்டுக் கணக்கே அவர் பிறந்த 1912-இலிருந்து எண்ணப்பட்டது. அதே 1997 பிப்ரவரியில் ஹ்வாங் பெய்ஜிங்கில் தென்கொரியத் தூதரக அலுவலகத்துக்குள் நுழைந்து அடைக்கலம் கேட்டார். கோட்பாட்டை எழுதியவரே அந்த நாட்டில் வாழ முடியாமல் ஓடிவந்தார்.

அரசமைப்பையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 1972-இல் ஜூச்சே என்பது மார்க்சிய லெனினியத்தைக் கொரிய நிலைமைக்குப் பொருத்தியது என்று இருந்தது. 1992-இல் மார்க்சிய லெனினியம் நீக்கப்பட்டது. 2009-இல் கம்யூனிசம் என்ற சொல்லே நீக்கப்பட்டு, ராணுவத்துக்கு முதலிடம் என்று பொருள்படும் ‘சொங்குன்’ சேர்ந்தது. “கம்யூனிசம் என்றால் இதுதான்” என்று உங்கள் காணொளிக்குக் கீழே எழுதுகிறவர்களும், “எல்லாம் ஏகாதிபத்தியப் பொய்” என்று எழுதுகிறவர்களும் இந்த மூன்று ஆண்டுகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். முதலாமவர், அந்த அரசே 2009-இல் தன் அரசமைப்பிலிருந்து நீக்கிய பெயரை அதன்மேல் ஒட்டுகிறார். இரண்டாமவர், உழைக்கும் மக்களின் பெயரால் உழைக்கும் மக்கள் பேச்சிழந்ததைக் காண மறுக்கிறார்.

இந்தச் சொற்கள் வீட்டுக்குள்ளும் நுழைகின்றன. தோழர் என்பதற்கு அங்கே இரண்டு சொற்கள். மேலிடத்தில் இருப்பவர் ‘தொங்ஜி’, சமமானவரோ கீழுள்ளவரோ ‘தொங்மு’. எல்லோரும் சமம் என்று சொல்லப் பிறந்த விளியிலேயே படிநிலை வந்து உட்கார்ந்துவிட்டது. தொங்மு கொரியாவின் பழைய சொல், சிறுவர்கள் கூட்டாளியைக் கூப்பிடும் சொல். வடக்கு அதை எடுத்துக்கொண்டதால், தெற்கே அதைச் சொல்லவே அஞ்சி மக்கள் வேறு சொல்லுக்கு மாறினார்கள். தெற்கில் 1948-இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் இருக்கிறது. வடக்கைப் புகழ்ந்ததாகச் சிறை சென்றவர்கள் உண்டு. ஒரு மொழியின் இரு பாதிகளும் சொற்களுக்கு அஞ்ச நேர்ந்த துயரம் இது.

‘சொங்புன்’ என்ற சொல்லையும் சொல்லுங்கள். உன் பாட்டன் ஜப்பானியர் காலத்தில் என்ன செய்தான், போரில் எந்தப் பக்கம் நின்றான் என்பதைக் கொண்டு குடும்பங்களை விசுவாசமானவை, ஊசலாடுபவை, பகையானவை என்று பிரிக்கும் முறை. படிப்பு, வேலை, தலைநகரில் குடியிருப்பு எல்லாம் அதைப் பொறுத்தது. வர்க்கத்தை ஒழிக்க வந்த அரசு, பிறப்பால் வரும் தகுதியைப் பதிவேட்டில் எழுதிவைத்தது. பிறப்பின் பெயரால் மனிதரைத் தரம் பிரிப்பது என்னவென்று தமிழ்ப் பார்வையாளருக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

ஜூச்சே சித்தாந்தம் வெளிநாடுகளுக்கும் போனது. கிம் இல்-சுங்கின் உரைகள் பல நாட்டுப் பத்திரிகைகளில் காசு கொடுத்து விளம்பரமாக வெளியிடப்பட்டன. 1971 ஏப்ரலில் இலங்கையில் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சி வெடித்தபோது, அதற்குத் துணைபோனதாகச் சந்தேகித்து, அந்நாட்டு அரசு கொழும்பிலிருந்த வடகொரியத் தூதரகத்தினரை வெளியேற்றியது. தென்கொரியாவில், ராணுவ ஆட்சியை எதிர்த்த மாணவர்களிடையே 1986-இல் ‘எஃகு மடல்கள்’ என்ற பெயரில் ஜூச்சேயைப் பரப்பியவர் கிம் யொங்-ஹ்வான். 1991-இல் அவர் அரை நீர்மூழ்கிப் படகில் ரகசியமாக வடக்கே போய்க் கிம் இல்-சுங்கையே சந்தித்தார். திரும்பிய பின் மெல்ல மெல்ல நம்பிக்கை இழந்து, பிற்காலத்தில் வடகொரிய மக்களின் மனித உரிமைக்காக உழைப்பவரானார். நேரில் பார்த்தபின் மனம் மாறிய அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

இனி பஞ்சம். 1991-இல் சோவியத் ஒன்றியம் மறைந்தது, மலிவு எண்ணெய் நின்றது. எண்ணெய் இல்லாமல் உர ஆலை ஓடவில்லை, மின்சாரம் இல்லாமல் பாசனப் பம்பு ஓடவில்லை. நாட்டில் பயிரிடத் தக்க நிலம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜூச்சே விவசாயம் என்ற பெயரில் மலைச்சரிவுகளை வெட்டிப் பயிரிட்டிருந்தார்கள். 1995-இல் பெருவெள்ளம் வந்தபோது மரமிழந்த சரிவுகள் மண்ணோடு இறங்கின. அரசு தந்த ரேஷன் தானியம் நின்றது. பல லட்சம் பேர் பட்டினியால் இறந்தார்கள்; மக்கள்தொகைக் கணக்கை ஆராய்ந்தவர்கள் ஆறு லட்சம் முதல் பத்து லட்சம்வரை என்கிறார்கள், அதற்கு மேலும் சொல்பவர்கள் உண்டு. அரசு இதற்குப் பஞ்சம் என்று பெயரிடவில்லை. ‘கடும் அணிவகுப்பு’ என்றது. 1938 குளிர்காலத்தில் கிம் இல்-சுங்கின் கெரில்லாப் படை பனியில் நடந்ததாகச் சொல்லும் வீரக்கதையின் பெயர் அது. பசித்துச் சாகிறவன் அணிவகுப்பில் நடப்பவன் ஆகிவிட்டான். நடப்பவன் முறையிட முடியுமா, யார் பொறுப்பு என்று கேட்க முடியுமா? ஒரு சொல்லால் மக்களின் கேள்வி கேட்கும் உரிமை பறிக்கப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அந்தப் பஞ்சத்தில் குடும்பங்களைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் உற்பத்தி நின்றுபோன ஆலைக்கும் தினம் போய்க் கையெழுத்திட்டாக வேண்டும். திருமணமான பெண்களுக்கு அந்தக் கட்டாயம் குறைவு. அவர்கள் காட்டுக் கீரையையும் வீட்டில் செய்த நூடுல்ஸையும் கொண்டுபோய்த் திறந்தவெளியில் உட்கார்ந்து விற்றார்கள். ‘ஜாங்மாதாங்’ என்ற சந்தைகள் அப்படி முளைத்தவை. 2009 நவம்பரில் அரசு திடீரென நாணயத்தை மாற்றி, நூறு பழைய வொன்னுக்கு ஒரு புதிய வொன் என்று அறிவித்து, மாற்றிக்கொள்ளும் தொகைக்கும் வரம்பு வைத்தது. அந்தப் பெண்கள் சேர்த்துவைத்த பணம் சில நாள்களில் வெறும் காகிதமானது. தன் காலில் நிற்பது என்ற கோட்பாட்டைப் பேசிய அரசு, உண்மையிலேயே தன் காலில் நின்றவர்களைத்தான் தண்டித்தது.

சொற்கள் இன்றும் மாறிக்கொண்டிருக்கின்றன. தெற்கோடு மீண்டும் ஒன்றிணைவது என்பது பல பத்தாண்டுகள் அந்த அரசின் மந்திரமாக இருந்தது. 2024 ஜனவரியில் கிம் ஜோங்-உன் அதைக் கைவிட்டு, தெற்கைப் பகைநாடு என்று அறிவித்தார். அரசமைப்பிலிருந்து அத்தகைய சொற்களை நீக்கச் சொன்னார். பியோங்யாங்கில் இருந்த ஒன்றிணைப்பு வளைவும் இடிக்கப்பட்டது.

தம்பி தங்கைகளே, உங்களிடம் நான் கேட்பது சில காரியங்கள்தான். ஒரு செய்தி கிடைத்தால் முதலில் யார் சொன்னது என்று தேடுங்கள். வடகொரியாவைப் பற்றிப் பொய் சொன்னால் மறுத்து வழக்குப் போட யாரும் வரமாட்டார்கள், அதனாலேயே அதைப் பற்றிப் பேசும்போது கூடுதல் கவனம் வேண்டும். 2014-இல் நீதிபதி மைக்கேல் கிர்பி தலைமையில் ஐ.நா. விசாரணை ஆணையம் வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். 80-க்கு மேற்பட்டவர்கள் பொதுவிசாரணையில் சாட்சி சொன்னார்கள். அவர்கள் சொன்னதற்கு முன்னால் எந்த நாய்க்கதையும் தேவைப்படாது. 2011 டிசம்பரில் கிம் ஜோங்-இல் இறந்தபோது தெருவில் கதறிய மக்களின் காட்சியைச் சிரிப்பு இசையோடு போடாதீர்கள். சிலர் உண்மையில் அழுதிருப்பார்கள், சிலர் பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரே என்று அழுதிருப்பார்கள். இரண்டுமே சிரிப்பதற்குரியவை அல்ல. தெற்கே வந்து சேர்ந்த 34,000-க்கு மேற்பட்ட வடகொரியர்களில் பலர் நூல்களும் நேர்காணல்களும் தந்திருக்கிறார்கள். அவர்கள் குரலுக்கு இடம் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சொற்களைத் தமிழில் விளக்குங்கள்: ஜூச்சே, சுர்யோங், சொங்புன், கடும் அணிவகுப்பு. விடுதலைக்காகப் பிறந்த எந்தச் சொல்லையும், அது யாருடைய வாயிலிருந்து வந்தாலும், ஒரு கேள்வியால் சோதிக்கலாம் என்று உங்கள் பார்வையாளர் கற்றுக்கொள்ளட்டும்: இந்தச் சொல்லை மறுத்துப் பேசியவர் மறுநாள் வீட்டில் நிம்மதியாக இருக்கிறாரா? வடகொரியாவில் எழுபது ஆண்டுகளாக அதற்கு விடை ‘இல்லை’. உங்கள் அடுத்த காணொளியில் இதைச் சொல்லுங்கள். பார்க்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவர்